நாலு விரல் குறைவு

நீலத் தொப்பி போட்ட அம்மாள் குனிந்து பெஞ்சின் அடியில் சிலையின் பெயர்ச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அடெலினோ கண்ணைச் சிமிட்டினார்.

“பேரு கெடக்கட்டும்மா. மொதல்ல என்ன வெலைன்னு கேளு.”

அந்த அம்மாள் போட்ட அலறல் பக்கத்து அறை வரை கேட்டிருக்கும். பிறகு சுற்றிப் பார்க்க வந்த கூட்டமே சிரித்தது. அலறியவளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதவள் கிழவரின் மகள் ஒடெட் ஒருத்திதான்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. எதிர் மேடையில், திராட்சைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு கூலியாள் உட்கார்ந்திருந்தான். சிலைதான். ஆனால் புருவ முடி, கழுத்துச் சுருக்கம், நகத்து அழுக்கு எல்லாம் அச்சு அசல். அவனைப் போலவே முழங்காலில் கை வைத்துக்கொண்டு, எண்பத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர் மூச்சை அடக்கி எதிரே உட்கார்ந்தால் யார்தான் ஏமாற மாட்டார்கள்?

“எல்லாம் சரி, பூட்ஸ்ல சேறு இல்லியே,” என்றார் அடெலினோ. “இவன் கூலியாள் இல்ல. மேஸ்திரி.”

“அப்பா, போதும். எழுந்திரு.”

“இருடி. முப்பத்தோரு வருஷம் என் தலைக்கு மேல என்ன இருந்துச்சுன்னு இப்பத்தான் பாக்கறேன்.”

உண்மைதான். சொந்தத் தீவிலிருந்து பிழைக்க வந்து, இதே ஒயின் ஆலையின் நிலவறையில் முப்பத்தோரு வருஷம் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். வேலையாட்களுக்குப் பின்வாசல், ஓவியமும் சிலையும் இருக்கும் மாடி வருகிறவர்களுக்கு. ஏறிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, வா என்று கூப்பிட்டதும் இல்லை. இன்று முன்வாசல் வழியாக, சட்டையில் விருந்தினர் அட்டை குத்திக்கொண்டு வந்திருந்தார். புதுச் சவரம் வேறு.

கூட்டி வந்தது ஒடெட். அப்பாவைச் சந்தோஷப்படுத்துவதற்காக மட்டும் என்று சொன்னால் பொய். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வலேஹோ ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு அறை தயார். இரண்டு முறை குளியலறையில் விழுந்தாயிற்று. ஒருமுறை அடுப்பை எரியவிட்டுத் தூங்கியாயிற்று. அண்ணன் ருய் கையெழுத்தெல்லாம் போட்டு முடித்துவிட்டான். அவரிடம் சொல்வதுதான் பாக்கி, அது அவள் தலையில் விழுந்தது. அவருக்குப் பிடித்த இடத்தில், இரண்டு வாய் ஒயின் உள்ளே போனபின் மெல்லச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள்.

ஒயினும் உள்ளே போயிற்று. சுவைக்கும் மேசையில் அரை விரல் அளவு ஊற்றித் தந்ததைத் தூக்கிப் பார்த்து, “இது குடிக்கவா, காதுல விட்டுக்கவா?” என்று கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்கு முன் நிலவறையிலும் சொல்லவில்லை. அங்கே அவர் விரல் முட்டியால் ஒவ்வொரு பீப்பாயாகத் தட்டிக்கொண்டே நடந்தார். பழைய பழக்கம். வீட்டிலும் பால் டப்பா, தண்ணீர்த் தொட்டி, ஒடெட்டின் நெற்றி என்று எதையும் விடமாட்டார். ஒரு பீப்பாயின் முன் நின்றுவிட்டார்.

“தம்பி, இதுல நாலு விரல் குறையுது. ஊத்தி நெரப்பச் சொல்லு. காத்து பூந்துச்சுன்னா புளிச்சுப் போயிரும்.”

வழிகாட்டி பிரெஸ்டன் மரியாதையான பையன். “இப்பல்லாம் அத கம்ப்யூட்டர் பாத்துக்குது சார்.”

“அதுக்குக் காது இருக்கா?”

இப்போது சிலை அறையில் ஒடெட்டின் பைக்குள் போன் மறுபடியும் அதிர்ந்தது. ஒடெட் படிக்கட்டுப் பக்கம் போய் எடுத்தாள்.

“சொல்லிட்டியா?” என்றான் ருய்.

“இன்னும் இல்ல.”

“என்னடி பண்றே காலைலேர்ந்து? நீ சொல்றியா, இல்ல நான் போன்ல சொல்லட்டுமா?”

“நீ எதுவும் கிழிக்க வேணாம். நானே சொல்றேன்.”

வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அறுபதை நெருங்கும் வயதில் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல இப்படி நடுங்குகிறோமே என்று அவள் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பி வந்தபோது கூட்டம் அடுத்த அறைக்குப் போயிருந்தது. அடெலினோ எழுந்திருக்கவில்லை. அதே பெஞ்ச், முழங்காலில் அதே கைகள், கண் பாதி திறந்து எதிர்ச் சிலையைப் பார்த்தபடி. வேறு கூட்டத்திலிருந்து வந்த ஒரு ஜோடி அவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

“காதுல முடிகூட வெச்சிருக்காங்க பாரேன்,” என்றாள் அந்தப் பெண்.

“தொடாத. திட்டுவாங்க.”

ஒடெட்டுக்கு இந்த முறை சிரிப்பு வந்துவிட்டது. எப்போது அவர்கள்மேல் பாய்வார் என்று காத்திருந்தாள். அவர் பாயவில்லை. ஜோடி போய்விட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், முகத்தைப் பார்க்காமல், சிலையின் சேறில்லாத பூட்ஸைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“அப்பா, வலேஹோல ஒரு எடம் பாத்திருக்கோம். திங்கக்கெழமைலேர்ந்து. தோட்டம் இருக்கு, நம்ம தீவு ஆளுங்ககூட ரெண்டு பேர் இருக்காங்களாம்.”

பை வாரை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“கோவமா? கோவப்பட்டுக்கோ. என்னால உன்னைத் தூக்க முடியலப்பா. முதுகு போச்சு.” நிறுத்த முடியவில்லை. “தெனம் காலைல உன் கதவுகிட்ட நின்னு மூச்சு வருதான்னு கேக்கறேன். ஒரு நாளு... வராம இருந்தா தேவலன்னு தோணிடுச்சு. உண்மையாவே தோணிடுச்சு. அதுக்கப்புறம்தான் ருய்கிட்ட சரின்னேன். இப்பவாவது எதாச்சும் சொல்லேன், கிழவா!”

“மேடம்?” வாசலில் பிரெஸ்டன் சிரித்துக்கொண்டு நின்றான். “சார் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?”

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அறுவடைக் காலத்தில் ஆலையெங்கும் மொய்க்கும் சின்னப் பழ ஈ ஒன்று அவருடைய கண்ணோரத்தில் உட்கார்ந்திருந்தது. மெதுவாக இமையின் விளிம்பில் நடந்தது. அவர் சிமிட்டவில்லை.

அவசர ஊர்தி வரப் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பிரெஸ்டன் அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்திப் பார்த்தான். வந்தவர்களும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பிரெஸ்டன் ஓவியங்களுக்குக் கட்டும் சிவப்புக் கயிற்றை எடுத்து வந்து அவரைச் சுற்றிக் கட்டினான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீலத் தொப்பி அம்மாள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“எத்தன மணிக்குப் போயிருக்கும்?” ஒடெட் ஊர்தியில் வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் வந்து உக்காந்தப்ப இருந்தாரா? அதையாவது சொல்லுங்க.”

“அத யாராலயும் சொல்ல முடியாதும்மா. முன்னாடியும் இருக்கலாம், பின்னாடியும் இருக்கலாம்.”

“அஞ்சு நிமிஷக் கணக்குதானேங்க,” என்றாள் ஒடெட்.

“தெரியலம்மா. வலிச்சிருக்காது.”

அவள் கேட்டது வலியைப் பற்றி அல்ல.

அதிகாரிகள் வந்து எழுதி முடித்தபின், ஸ்ட்ரெச்சர் மாடிப்படியில் திரும்பாது என்றார்கள். சரக்கு லிஃப்டில் இறக்கி, நிலவறை வழியாகப் பின்வாசலுக்குத்தான் போக வேண்டும். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ருய் கூப்பிட்டான்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.” அதன் பிறகுதான் மற்றதைச் சொன்னாள். அந்தப் பக்கம் அண்ணன் குழந்தைபோல அழுவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

கீழே குளிராக இருந்தது. அந்தப் பீப்பாயின் மேல்மூடியைத் திறந்து ஒரு வேலையாள் குழாயால் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சரைக் கண்டதும் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான்.

“பிரெஸ்டன் சொன்னான். சரியா நாலு விரல்தான் குறைஞ்சிருந்துச்சு,” என்றான், யாரையும் பார்க்காமல்.

ஸ்ட்ரெச்சர் பின்வாசல் வெளிச்சத்தை நோக்கி உருண்டது. ஒடெட் பின்தங்கினாள். பக்கத்துப் பீப்பாயில் விரல் முட்டியால் ஒருமுறை தட்டிக் காதை வைத்துப் பார்த்தாள். நிறைந்திருக்கிறதா குறைந்திருக்கிறதா, அவளுக்குத் தெரியவில்லை.

இன்னொரு முறை தட்டினாள்.