ஷூவில் ஒட்டிய மண்

அவன் மனைவி இறந்து நான்கு மாதமாகியும் அவளுடைய ஷூ வாசலில் அப்படியே கிடந்தது. அடியில் ஒட்டிய மண்ணைக்கூட மாமியார் தட்டவிடவில்லை. அவன் அதை எடுத்துக் கரண்டிக் காம்பால் சுரண்டத் தொடங்கியதும் ஓடிவந்தார்.

"என்ன மாப்ளே பண்றீங்க? தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

"ஆபீஸ் வேலை அத்தை."

"ஷூ சுரண்டவா அஞ்சு வருஷம் காலேஜ்ல படிச்சீங்க?"

அவன் மண்ணைப் பொட்டலம் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், என்ன முளைக்கிறது என்று பார்க்க ஈர மணல் தட்டில் தூவினான்.

அவனும் அவளும் ஆராய்ந்துவந்த ஒரே காட்டைச் சாலை கிழக்கு, மேற்கு என இரண்டாக வெட்டியிருந்தது. இப்போது அதை அகலப்படுத்தப் போகிறார்கள். விலங்குகள் குறுக்கே போய்வருகின்றன என்று காட்டினால் அடியில் ஒரு சுரங்கவழி கிடைக்கும். இல்லையென்றால் கிழக்குக் காடு துண்டாகிப்போய், ஒவ்வொரு செடியாக இழந்துகொண்டே வரும். கையில் இருந்த சான்று ஒன்றே ஒன்று. கிழக்கே பாதையிலிருந்து அவள் மண்ணோடு அள்ளிவந்த மரநாய் எச்சத்தில், மேற்கே மட்டும் தரையோடு படரும் ஒரு பழக்கொடி முளைத்திருந்தது. கடுகைவிடச் சிறிய விதை. "தாண்டிடுச்சு பாரு, கள்ளப்பய!" என்று அன்று அவள் குதித்தாள்.

ஒரு பக்க விதை மறுபக்கம் போகாதிருக்க, சாலை கடக்கும்போதெல்லாம் ஷூவைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு அதில் சோம்பல். அது அவனுக்கு மட்டும் தெரியும்.

பதினோராம் நாள் தட்டில் இரண்டு இலைகள். கூட வேலை பார்க்கும் 'லென்ஸ்' குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"அதே கொடிதான்டா."

"தெரியும்."

"உன்னை யாரு கிளறச் சொன்னா? நான் எதையும் பார்க்கல. நாளைக்குச் சுரங்கவழிக் கூட்டம் முடியட்டும்."

"அவ இருந்தா சும்மா விட்டிருப்பாளா?"

"அவ இருந்தா, நீ ஏன் தேய்ச்சு வைக்கலன்னு உன்னைத்தான் திட்டியிருப்பா."

இருவரும் சிரிக்கவில்லை.

அவன் கணினியில் அந்தச் சான்றைப் பதிந்திருந்த படிவத்தைத் திறந்தான். 'விதையைக் கொண்டுவந்த உயிரினம்' என்ற கட்டத்தில் மரநாயை அழித்து, 'மனிதராக இருக்கலாம்' என்று அடித்தான். பால்: பெண். அடுத்த கட்டம், 'தற்போதைய நிலை'. காலியாக விட்டு அனுப்பினான். படிவம் திரும்பி வந்தது, அந்தக் கட்டம் மட்டும் சிவப்பாக.

"அனுப்பிட்டியா?" என்றான் லென்ஸ்.

"ஒண்ணு பாக்கி."

தேர்ந்தெடுக்க இரண்டே சொற்கள் இருந்தன: 'உயிருடன்', 'இறந்தது'.