நாலரை வினாடி

டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டின் மேல் தற்போது முப்பத்தொரு பந்துகள் நிற்கின்றன. முப்பது, உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்கு மேலே, தரையிலிருந்து எண்பது அடிக்கும் நூற்றிருபது அடிக்கும் இடையில். ஒன்று, வேலுமணி வீட்டுப் பின்புற வேலிக்கு மேலே. எல்லாம் அமெரிக்கக் கால்பந்துகள். இரு முனையும் கூர்ந்து, உரித்த தேங்காயைப் போலிருக்கும் தோல் பந்துகள். எல்லாவற்றையும் உதைத்தவன் வேலுமணியின் மகன் இளமாறன். காற்றடித்தால் அவை லேசாகத் திரும்பிக்கொள்கின்றன, நகர்வதில்லை. மழையில் நனைகின்றன, வெயிலில் வெளுக்கின்றன. காற்றிறங்கிச் சுருங்கிப்போன ஏழெட்டும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. முதல் பந்து மேலே போனது 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, இரவு எட்டே கால் மணிக்கு.

அதற்கு முன்னால் அவன் உதைத்த பந்துகள் எல்லோருடைய பந்துகளையும் போலக் கீழே விழுந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஆட்டத்தில் ஓர் அணி தொடர்ந்து முயன்றும் முன்னேற முடியாமல் நின்றுவிட்டால், பந்தை எதிரணியிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்கும்போது பக்கத்தில் வைத்துக் கொடுக்காமல், ஒருவன் அதைக் கையில் வாங்கி முடிந்த மட்டும் உயரமாகவும் தூரமாகவும் உதைத்து அனுப்புவான். அவனுக்குப் பன்ட்டர் என்று பெயர். இளமாறன் பன்ட்டர். மற்றப் பையன்களின் தோளில் பாதிதான் அவன் தோள். முட்டி மோதும் எந்த இடத்திலும் அவனை நிறுத்த முடியாது. ஆனால் வலது கால் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. உன் காலைத் தேடி ஒரு கல்லூரி வரும் என்று பத்தாம் வகுப்பில் பள்ளிக் கோச் சொன்னார். அன்றிலிருந்து அவனுக்கு வேறு விருப்பம் இருக்கவில்லை. பள்ளி விட்டதும் தினம் மூன்று மணி நேரம் தனியாக உதைத்தான். அணியில் அவனைப் பெயரின் ஆங்கில முதலெழுத்தால் 'ஈ' என்று கூப்பிட்டார்கள். அது தமிழில் என்னவென்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வேலுமணிக்கு இந்த ஆட்டம் புரியாது. மூன்று வருடங்களாக ஓர் ஆட்டம் விடாமல் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர்கள் கைதட்டும்போது கைதட்டினார். மகனிடம் கேட்டிருக்கலாம். முதல் வருடம் கேட்கக் கூச்சம். மூன்றாம் வருடம் இத்தனை நாள் தெரியாமலா உட்கார்ந்திருந்தாய் என்று ஆகிவிடும். மைதானத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அப்பாவும் மகனும் பேசாமல் வருவது வழக்கமாகிவிட்டது. இருவருக்கும் அது பிடித்தும் இருந்தது. வேலுமணி பெருந்துறைக்காரர். கோயம்புத்தூரில் பொறியியல் படித்த நான்கு வருடமும் கல்லூரி அணிக்கு வாலிபால் ஆடியவர். விளையாட்டு என்று அவர் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியபோது நடந்த பெற்றோர் கூட்டத்தில் கோச் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹேங் டைம். உதைத்த பந்து எத்தனை வினாடி மேலே இருக்கிறது என்பதுதான் கணக்கு. அது மேலே இருக்கிற நேரத்தில்தான் நம் ஆட்கள் ஓடிப்போய் எதிரணிக்காரனை வளைக்க முடியும். கல்லூரிக்காரர்கள் நாலரை வினாடி கேட்பார்கள். உங்கள் பையன் நாலே காலில் இருக்கிறான். இன்னும் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். வேலுமணி தலையாட்டினார். அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: பந்து மேலே இருக்க வேண்டும். அதில் அவருக்குப் புதிதாக ஏதும் இல்லை. மறுநாள் காலை பேர்லேண்டிலேயே இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போய், தீபாராதனை நடக்கும்போது கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். தாயே, என் பையன் ஒதைக்கற பந்து கீழ விழுகக் கூடாது. விழுகலீன்னா மொட்டை போட்டுக்கறேன். கால் வினாடி போதுமாக இருந்தது. அவர் கால் வினாடி கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி மூன்று புள்ளி முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். இளமாறன் உதைத்தான். பந்து சுழன்று ஏறியது, உச்சிக்குப் போனது, அங்கேயே நின்றது. எதிரணியில் பந்தைப் பிடிக்க வேண்டிய பையன் அதற்கு நேர் கீழே இரு கைகளையும் விரித்து அண்ணாந்து நின்றான். பந்து தரையையோ கையையோ தொடாதவரை கடிகாரத்தை நிறுத்த நடுவருக்கு அதிகாரம் இல்லை. இரண்டு நிமிடமும் ஓடித் தீர்ந்தது, பள்ளி வென்றது. கூட்டம் கலைந்த பிறகும் அந்தப் பையன் விரித்த கைகளோடு நின்றான். அவன் அம்மா இறங்கி வந்து தோளைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வேலுமணி மறுநாள் காலை குளியலறையில் டிரிம்மரை எடுத்துத் தானே மொட்டை போட்டுக்கொண்டு, கோயிலில் போய்க் கும்பிட்டு வந்தார். திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டவர்களிடம் வெயில் என்றார். மனைவி யாமினி மட்டும் விடவில்லை.

"ஏனுங்க, எதுக்குங்க இந்த மொட்டை?"

"சும்மாதான்."

"சும்மா யாராச்சும் மொட்டை போடுவாங்களா? நானுந்தான் எத்தனையோ வேண்டியிருக்கேன், உங்ககிட்டச் சொல்லாமயா இருந்தேன்?"

"சொன்னா பலிக்காதுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அதான் பலிச்சு மேல தொங்குதே," என்றாள் அவள்.

அடுத்த மூன்று ஆட்டங்களும் அதே விதமாக வெல்லப்பட்டன. முன்னால் இருக்கும்போது உதைக்கச் சொன்னால் போதும். செய்தி பரவி, கல்லூரிகளிலிருந்து ஆள் தேடுகிறவர்கள் ஒவ்வொருவராக ஹூஸ்டனில் வந்து இறங்கி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பேர்லேண்டுக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் ரெட்மண்ட் என்கிற வயதான கோச். மேற்கே, எட்டு மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஒரு கல்லூரி. இளமாறன் போக விரும்பியதும் அதே கல்லூரிதான்; அவன் அறைக் கதவில் அதன் கொடி இரண்டு வருடமாக இருந்தது. ரெட்மண்ட் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு உதைக்கச் சொன்னார். கால் பட்ட கணத்தில் அழுத்தினார். பந்து தரையைத் தொடும் கணத்தில் மறுபடி அழுத்த வேண்டும். அவர் கட்டைவிரலை வைத்தபடி காத்திருந்தார். இருட்டியதும், காலையில் வருகிறேன் என்று விமானத்தை மாற்றிக்கொண்டு மோட்டலுக்குப் போனார். மறுநாள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்திருந்தார். யாமினி எலுமிச்சை சாதம் கொடுத்தனுப்பினாள். கண்ணை இறக்காமல் முள்கரண்டியால் சாப்பிட்டு, நிலக்கடலை நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் இளமாறனின் கையைப் பிடித்துக் குலுக்கி, இதைப் போல ஒரு காலை நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பிறகு வந்த ஆறு பேருக்கும் அதே கதைதான். அவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஹேங் டைம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எண் போடாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஒருவர் துணிந்து ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது என்று போட்டுப் பார்த்தார். அது நம்ப முடியாத எண் என்று அந்த வரியையே கம்ப்யூட்டர் நீக்கிவிட்டது. இதைக் கேட்டபோது வேலுமணிக்கு அது தெரிந்த விதியாக இருந்தது. ஹூஸ்டன் அலுவலகத்தில் பதினாறு வருடமாக அவர் செய்யும் வேலையே அதுதான். எண்ணெய்க் குழாய்களிலிருந்து வரும் அளவுகளில் எல்லைக்கு மேல் போனதைத் தவறு என்று தள்ளிவிடும் விதிகளை எழுதுவது. அப்படி எத்தனை வரிகளைத் தள்ளியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அந்த விதியை அவர் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

அக்டோபரில் ஆட்டக் கமிட்டி கூடி ஒரு முடிவெடுத்தது. பத்து வினாடிக்குள் இறங்காத பந்து உதைக்கப்படாத பந்தாகக் கருதப்படும். எதிரணி அதே இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கலாம். அதன் பிறகு இளமாறன் உதைப்பதும் உதைக்காமலிருப்பதும் ஒன்றாகிவிட்டது. கோச் வருத்தத்தோடுதான் அவனை உட்காரவைத்தார். அவனுக்குப் பதில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றே முக்கால் வினாடிக்கு உதைத்தான். இளமாறன் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பையனின் பந்துகள் கீழே விழுவதைப் பார்த்தான். ஒவ்வொன்றும் விழும்போது அவன் வலது கால் லேசாக அசைவதைப் படிக்கட்டிலிருந்து வேலுமணி பார்த்தார். வீட்டில் அவன் மெதுவாக உதைத்துப் பார்த்தான், இடது காலால் உதைத்துப் பார்த்தான். அந்த இடதுகால் பந்துதான் வேலிக்கு மேலே நிற்பது.

வேலுமணி கோயிலுக்குப் போனார். பாலசுப்ரமணியன் குருக்களை ஓரமாகக் கூப்பிட்டு, கேட்டதைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டார். குருக்கள் முழுக்க விசாரித்துக்கொண்டு, அவருடைய தலையைப் பார்த்தார். முடி இன்னும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை.

"மொட்டை எப்போ போட்டேள்?"

"மொத வாரமேங்க."

"அதான் சார். கேட்டது கெடச்சாச்சு, நீங்க செலுத்தவும் செலுத்தியாச்சு. பாக்கி இருந்தாலாவது ஏதாவது பேசிப் பாக்கலாம். அம்பாள்கிட்ட ரீஃபண்ட் கிடையாது."

பந்து விழட்டும் என்று அவர் புதிதாகவும் வேண்டிக்கொண்டார். பதினோரு வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டார். ஒன்றும் இறங்கவில்லை. மகனிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் காரில் ஏறும்போது நினைப்பார். இறங்கும்போது நாளைக்கு என்று நினைப்பார். முன்பு சுகமாக இருந்த அந்த இருபது நிமிடம் இப்போது நீளமாகத் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நீளமான மேசை போட்டு, கல்லூரிகள் எடுத்துக்கொண்ட பையன்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். ஐந்து பேர். ஒவ்வொருவனும் தன் கல்லூரியின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டான், அம்மாக்கள் அழுதார்கள். இளமாறன் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து பேருக்கும் கைதட்டினான். பின்னால் வேலுமணி, அவன் எப்போது கைதட்டுகிறானோ அப்போதெல்லாம் தட்டினார். திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, அவர் வாய் தானாகத் திறந்தது.

"நாந்தாஞ் சாமி, கோயில்ல கேட்டேன்."

இளமாறன் திரும்பினான். அவருடைய தலையைப் பார்த்தான். ஆகஸ்ட் மாதத்து மொட்டை அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "வாட் டிட் யூ ஆஸ்க் ஃபார்? லைக், எக்ஸாக்ட்லி?"

"நீ ஒதைக்கற பந்து கீழ விழுகக் கூடாதுன்னு."

விளக்கு பச்சையாகி, பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. வேலுமணி வண்டியை எடுக்கவில்லை, விளக்கு மறுபடி சிவப்பானது.

"டாட்," என்றான் இளமாறன். "தட்ஸ் வாலிபால்."

அடுத்த பச்சைக்கு வேலுமணி வண்டியை எடுத்தார்.

"இட் ஹேஸ் டு கம் டவுன், டாட்," என்றான் அவன், சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல மெதுவாக. "ஜஸ்ட் லேட்."

 அன்று மாலை அவன் கதவிலிருந்த கொடியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தான். ஆகஸ்டில் ஆஸ்டினுக்குப் போய்க் கட்டுமானப் பொறியியலில் சேர்ந்தான். அங்கே நடக்கும் ஆட்டங்களுக்கு அவன் போவதில்லை என்று யாமினி சொல்லித்தான் வேலுமணிக்குத் தெரியும்.

பேர்லேண்டில் பந்துகளுக்கு எல்லோரும் பழகிவிட்டார்கள். பள்ளி அணி அவற்றின் கீழேயே ஆடுகிறது. வழி சொல்பவர்கள், பந்து நிற்கிற மைதானத்தைத் தாண்டி இடதுபக்கம் என்கிறார்கள். சாயங்காலங்களில் கருங்குருவிகள் வந்து அவற்றின்மேல் உட்காருகின்றன. மின்கம்பியைவிட அது வசதி போலும். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு இளமாறன் வந்தபோது வேலுமணி ஒரு வாலிபால் வாங்கி வைத்திருந்தார். பின்புறத்தில் இருவரும் அதை மாறி மாறித் தட்டினார்கள். கையால் தட்டிய பந்துக்கு அந்த வேண்டுதல் செல்லாது. ஒவ்வொரு ஐந்தாறு தட்டுக்கும் ஒரு முறை அது புல்லில் விழுந்தது. விழும்போதெல்லாம் இருவரும் ஒரு கணம் அதையே பார்த்துவிட்டுப் பிறகுதான் எடுத்தார்கள்.

அப்போது வேலுமணியின் போன் அடித்தது. ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெட்மண்ட் கூப்பிடுவார். அவர் ஓய்வுபெற்றுவிட்டார், கடிகாரம் சமையலறை ஜன்னலில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பார். கேட்பது ஒரே கேள்வி. இம்முறை வேலுமணி பதில் சொல்லாமல் போனை மகனிடம் நீட்டினார். இளமாறன் வாங்கிக் காதில் வைத்து, அண்ணாந்து வேலிக்கு மேலே பார்த்தான். பந்து இருந்தது, அதன்மேல் ஒரு குருவி இருந்தது.

"யெஸ் சார்," என்றான். "ஸ்டில் அப்."