நாற்பது விநாடிப் படிவம்

பல்கலைக்கழகத்தில் செடிகளை அடையாளம் காண எங்களுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா? ஆம் என்றால் இரண்டாம் கேள்விக்குப் போ. இல்லை என்றால் ஏழாம் கேள்விக்கு. ஓரிடத்தில் தப்பாகத் திரும்பிவிட்டால் கடைசியில் கிடைக்கும் பெயர் வேறொரு செடியுடையது. அதனால் செடிக்கு ஒன்றும் ஆகாது. அது அப்படியே நிற்கும்.

தாவரவியல் படித்தவளுக்கு ப்ளோவ்திவ் நகரத்தில் வேலை கிடைக்கவில்லை. வெல்கோவின் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் கிடைத்தது. கேள்விகளை வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்புவார்கள். அவற்றுக்கு நடுவே வழி போடுவது என் வேலை. இன்ன பதில் சொன்னால் இந்தப் பக்கம், வேறு பதில் சொன்னால் அந்தப் பக்கம். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

நவம்பரில் எங்கள் ஊர் மருத்துவமனையின் படிவம் வந்தது. பிரசவப் பிரிவைத் தொடர்ந்து நடத்துவதா, மூடுவதா என்று ஊர்ப் பெண்களிடம் கேட்கப் போகிறார்கள். வெல்கோ அதை என் மேஜையில் வைத்தார்.

"விஹ்ரா, உங்க ஊருதானே? நீயே பண்ணு. சீக்கிரம் முடிப்பே."

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. பிரசவப் பிரிவு உண்டு, கட்டில்கள் உண்டு, செவிலியர் உண்டு. மயக்க மருத்துவர் மட்டும் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். மற்ற நாட்களில் வலியோடு வருகிறவளை வாசலிலேயே ஆம்புலன்ஸில் ஏற்றி எண்பது கிலோமீட்டர் கீழே நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். என் அக்கா ருமியானா வலியோடு அங்கே போனது ஒரு வெள்ளிக்கிழமை. முப்பத்தோராவது கிலோமீட்டரில், ஒரு வளைவில், ஓட்டுநரும் ஒரு செவிலியும் குழந்தையை வெளியே இழுத்தார்கள். அந்தக் குழந்தை பிசெர்காவுக்கு இப்போது மூன்று வயது. இடது கை தோளுக்குமேல் எழும்பாது. படிவம் வந்த அந்த நவம்பரில் அக்காவுக்கு மறுபடி ஐந்தாம் மாதம்.

படிவத்தின் நான்காம் கேள்வி இது: கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் மருத்துவமனையில் உங்களுக்குப் பிரசவம் நடந்ததா? ஆம் என்றால் ஐந்து முதல் பதினெட்டு வரை. இல்லை என்றால் நன்றிப் பக்கம்.

ஒரு படிவத்தை வெளியே விடுமுன் நாங்கள் அதை ஒவ்வொரு வழியாகவும் நடந்து பார்ப்போம். கற்பனையாக ஒரு ஆளை வைத்துக்கொண்டு அவர் சொல்லக்கூடிய பதில்களை அழுத்திக்கொண்டே போவோம். நான் முதலில் ஒரு ஆசிரியையாகப் போனேன். பிறகு அக்காவாகப் போனேன். வயது முப்பத்தொன்று. ஊரில் வசிக்கிறேன். குழந்தை உண்டு. இங்கே பிரசவம் நடந்ததா? இல்லை. உங்கள் நேரத்துக்கு நன்றி.

எழுந்து வெல்கோவின் அறைக்குப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்ன, நிக்கிறே? தூணா நீ?"

"நாலாவது கேள்வி... வந்து, திருப்பி அனுப்பப்பட்டவங்க இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு கிளை போடலாமான்னு."

"கேள்வியில தப்பு இருக்கா?"

"இல்ல."

"லாஜிக்ல தப்பு இருக்கா? அங்க பெத்துக்காதவகிட்ட அங்க எப்படி இருந்துச்சுன்னு கேப்பியா? ஹோட்டலுக்கே போகாதவன்கிட்ட சூப்புல உப்பு எப்படின்னு கேக்குற மாதிரி."

"அவங்க போனாங்க. உள்ள விடல."

மனதுக்குள் அப்படிச் சொன்னேன். வாயில் வரவில்லை. பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்று தடவையும் நன்றாக வந்தது.

மறுநாள் படிவம் வெளியே போனது.

அக்கா ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணிக்கு, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா தட்டுகள் அடுப்பிலிருந்து வரும்போது பாதி ஊர் அவள் முன்னால் நிற்கும். படிவத்தின் லிங்கை அச்செடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். அது எனக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏய் விஹ்ரா, நூத்தம்பது பேரு! நான் ஒருத்தியே புடிச்சது. போன் இல்லாதவளுக்கு என் போனைக் குடுக்குறேன். என் தங்கச்சி செஞ்ச படிவம், நெரப்பாம பனித்சா கெடையாதுன்னுட்டேன்."

"அக்கா, நீ எதுக்கு..."

"பின்ன யாரு சொல்லுவா? ஏப்ரல்ல எனக்கு மறுபடி அந்த ஆம்புலன்ஸா? கட்டில் இருக்கு, நர்ஸு இருக்கா. ஒரு மயக்க டாக்டரு போட்டா முடிஞ்சுது. நெறைய பேரு நெரப்பினா போட்டுத்தானே ஆகணும்?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்புறம் டீ, எவ்ளோ அழகா, சின்னதா செஞ்சிருக்கே! நான் அரை மணி நேரம் ஆகும்னு பயந்தேன். நாப்பது செகண்டுல நன்றி சொல்லி அனுப்பிருச்சு. ஸ்தோய்லு கூட சொன்னாரு, உன் தங்கச்சி பேசுற மாதிரியே இருக்கு, ரெண்டு வார்த்தையில முடிஞ்சிருதுன்னு."

ஸ்தோயில் அவள் கணவர். பின்னால் அவர் சிரிப்பது கேட்டது.

அன்றைக்கு அலுவலகத்தில் எண்ணிக்கையைத் திறந்து பார்த்தேன். அக்காவின் கடையிலிருந்து வந்தவை எவை என்று நேரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காலை ஆறேகால், ஆறரை, ஆறே முக்கால். இல்லை, இல்லை, இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் வலி எடுத்தவர்கள் எல்லோரும் இல்லை என்றுதான் அழுத்துவார்கள். அது உண்மை. அக்கா எத்தனை பேரைக் கூட்டிவருகிறாளோ அத்தனைக்கும் அந்தப் பிரிவை யாரும் பயன்படுத்தவில்லை என்ற பக்கம் ஏறிக்கொண்டே போனது.

ஒரு வழி இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு, எல்லோரையும் ஆம் என்று அழுத்தச் சொல் என்று சொல்லியிருக்கலாம். கதவு திறந்திருக்கும். பதினான்கு கேள்விகளுக்கும் அவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது பொய்த் தரவு. நான் அறிவியல் படித்தவள்.

இன்னொரு வழி, நீ ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிடு என்று சொல்வது. ஏன் என்று கேட்பாள். அதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டிசம்பர் நடுவில் படிவத்தை மூடினோம். ஆயிரத்து நூற்று நாற்பது பேர். இவ்வளவு சின்ன ஊரிலிருந்து இத்தனை பதில் வந்ததில்லை என்று வெல்கோ எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் வாங்கித் தந்தார். அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய வட்டம் ஒன்று போட்டோம். எழுபத்திரண்டு சதவீதம் பெண்கள் பிரசவப் பிரிவைப் பயன்படுத்தவில்லை. இரண்டாம் பக்கத்தில், பயன்படுத்தியவர்கள் பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். மருத்துவர் இருந்த நாளில் பிள்ளை பெற்றவர்கள். அந்த வட்டத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்தது நான்தான். வெளிர் பச்சை.

பிப்ரவரி கடைசியோடு பிரிவை மூடிவிட்டார்கள்.

மார்ச் முதல் தேதி மதியம் அக்கா ஒரு பெட்டியும் பிசெர்காவுமாக என் வீட்டுக்கு வந்தாள். எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும்வரை என் சோபாவில் படுத்துக்கொள்வதாக முடிவாகியிருந்தது. பிசெர்காவின் கையிலும் அவள் கையிலும் சிவப்பும் வெள்ளையுமாக, மார்ச் முதல் நாளில் நலம் வேண்டி ஒருவருக்கொருவர் கட்டிவிடும் மார்ச் நூல் கட்டியிருந்தது. எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதைக் கைப்பையிலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேப்பர்ல போட்டிருந்தான். நூத்துக்கு எழுபத்திரண்டு பேரு அங்க போகவே இல்லையாம். யாருடீ அவளுங்க? நான் கடையில ஒவ்வொருத்தியா கேட்டேன். போகாதவ ஒருத்தியும் இல்ல."

காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

"விஹ்ரா. அந்த எழுபத்திரண்டுல நானும் இருக்கேனா?"

"இருக்கே."

பிசெர்கா வலது கையால் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படிவம் இன்னும் இருக்கா? காட்டு."

என் போனில் திறந்து கொடுத்தேன். நான்காம் கேள்வி வரை வேகமாக வந்தாள். இல்லை என்று அழுத்தினாள். நன்றி வந்தது. பின்னால் போய் ஆம் என்று அழுத்தினாள். ஐந்தாம் கேள்வி திறந்தது.

"ஓ. பொய் சொன்னாத்தான் தொறக்குமா?"

பிறகு ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்தாள். சமையலறையில் யாருக்கோ சாட்சி சொல்வதுபோல் பதிலும் சொன்னாள். மருத்துவர் வர எவ்வளவு நேரம் ஆனது? "வரவே இல்ல." வலியைக் குறைக்க என்ன செய்தார்கள்? "டிரைவரு தன் பெல்ட்டைக் கழட்டிக் கடிக்கக் குடுத்தான். நல்ல மனுசன்." குழந்தையை எப்போது உங்கள் கையில் கொடுத்தார்கள்? இதற்கு அவள் பிசெர்காவைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போனாள். அதையும் படிவம் அனுமதித்தது. அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்காமல் விட்டிருந்தேன்.

பதினெட்டாம் கேள்வி முடிந்ததும் அனுப்பு என்பதை அழுத்தினாள்.

"போயிருச்சா?"

"இல்லக்கா. இது சோதனைப் படிவம். எங்கயும் போகாது."

"சோதனைன்னா?"

"வெளிய விடுறதுக்கு முன்னாடி நாங்களே நெரப்பிப் பார்ப்போம். ஒரு ஆள் மாதிரி நெனச்சுக்கிட்டு. எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்க."

"நீ யாரு மாதிரி நெனச்சுக்கிட்டே?"

தண்ணீர் கொதித்து வழிந்தது. அடுப்பை அணைத்தேன்.

"விஹ்ரா, கேக்குறேன்ல?"

"உன்னை மாதிரி."

அவள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். விரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்து அதன் பக்கத்தில் போட்டாள். பிறகு பிசெர்காவைத் தூக்கிக்கொண்டு முகம் கழுவப் போனாள்.

நூல் மேஜையிலேயே கிடந்தது. அதை இன்னொருத்தர்தான் கட்டிவிட வேண்டும்.