சீதனக் காணியில் ஒரு மில்

சுபாஜினியின் புருசன் கீர்த்திகன் மோட்டார் சைக்கிளை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, அவளுடைய ஹெல்மெட்டைத் தானே கழற்றி வாங்கினான். அவளுக்குக் கை இல்லையாக்கும். அளவெட்டியிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்து இறங்கி, சட்டத்தரணியின் வாசலில் அரைமணி நேரமாகக் காத்துநின்ற உதயகலாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சுபாஜினியும் அவளும் கூட்டாக மிளகாய்த்தூள் மில் போடப் போகிறார்கள். தூளின் பக்குவம் உதயகலாவினுடையது, மெசின் சுபாஜினியினுடையது. கோப்பாயில் தன் வீட்டு வளவிலேயே மில்லைப் போடலாம், பத்திரம் எழுதத் தனக்குத் தெரிந்த சட்டத்தரணி இருக்கிறார் என்று சுபாஜினி முதலிலேயே சொன்னாள். மெசினும் அவளது, காணியும் அவளது, சட்டத்தரணியும் அவளது என்றால் நான் என்ன மிளகாய் காயப்போடுகிற ஆளா என்று உதயகலா குமுறினாள்.

"மில் என்ரை சீதனக் காணியிலைதான். சட்டத்தரணியையும் நானே பாக்கிறன்" என்றாள்.

"காணி வேண்டாம் அக்கா, வீண் கரைச்சல்" என்று சுபாஜினி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல உதயகலாவுக்குப் பிடிவாதம் ஏறியது. மூன்று நாள் அலைந்து, நாலு பேரை விசாரித்து, மல்லாகத்தில் இந்த நமசிவாயத்தைப் பிடித்தாள்.

மூவரையும் உள்ளே இருத்திவிட்டு, நமசிவாயம் உதயகலாவின் காணி உறுதிப் பத்திரத்தை ஆறுதலாக வாசித்தார்.

"பிள்ளை, நீங்கள் கலியாணம் முடிச்சனீங்கள்தானே? எங்கடை யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி, பெண்சாதி தன்ரை காணியைக் கூட்டுக்கு எழுதிக் குடுக்கிறதெண்டால் புருசனும் கையெழுத்து வைக்கவேணும். அவர் எங்கை?"

"பிரான்ஸிலை."

"பிரச்சினையில்லை. அங்கையிருந்து சம்மதக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கோ. அடிக்கடி கதைக்கிறவர்தானே?"

கீர்த்திகன் குனிந்து நிலத்தைப் பார்த்தான். கிழமைக்கு மூன்று தரம் கதைக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள் உதயகலா. அவள் புருசன் சுதாகரன் கடைசியாகக் கதைத்து ஏழு வருசம்.

"ஓம்" என்றாள்.

"அப்பிடிக் கடிதம் எடுக்கேலாட்டி, நீதிமன்றத்திலை அனுமதி கேக்கலாம். அவர் விட்டிட்டுப் போட்டார் எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

"ஐயா, பிழை என்னிலைதான்" என்று சுபாஜினி அவசரமாகக் குறுக்கிட்டாள். உதயகலாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "மில் கோப்பாயிலை என்ரை வளவிலை எண்டுதான் முதலே கதைச்சனாங்கள். அந்த உறுதியைக் கொண்டுவர நான்தான் மறந்துபோனன். ரெண்டு பேருக்கும் சரிபாதி, அக்கான்ரை பேர் முதல்."

அப்போதுதான் உதயகலாவுக்கு விளங்கியது. இவளுக்கு எல்லாம் தெரியும். இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் அன்றைக்கே தன் வளவைத் தருகிறேன் என்றிருக்கிறாள். இந்தக் கேள்வியைத் தேடி மூன்று நாள் அலைந்தது உதயகலாதான்.

நன்றி வரவேண்டிய இடத்தில் மறுபடி வயிறுதான் எரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிற புருசனைக் கடவுள் அவளுக்குக் கொடுத்தது போதாதா? இந்த நல்ல மனசையும் அவளுக்கேவா கொடுக்கவேண்டும்?

"சம்மதமோ பிள்ளை?" என்று நமசிவாயம் கேட்டார்.

"ஓம்" என்றாள் உதயகலா, சுபாஜினியின் முகத்தைப் பார்க்காமலே.