பெற்றுக்கொண்டேன்

"உங்கப்பாதான் பதக்கத்தை வாங்கிட்டாரே" என்றார் கிளார்க். சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

அவள் கவுண்டரை விட்டு நகரவில்லை. முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு இது ஐந்தாவது நடை. முதல் நடையில் இறப்புச் சான்று கேட்டார்கள். அதைக் கொண்டுவந்தபோது வாரிசுச் சான்று கேட்டார்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்த நாளில் கிளார்க் விடுப்பு. அதற்கடுத்த முறை கிளார்க் இருந்தார், கோப்பு மாடியில் இருந்தது. மாடிச் சாவி யாரிடம் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"வாங்கலை சார்."

"வாங்கியிருக்கார்மா. முப்பத்தொரு வருஷம் ஆச்சு. ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார்."

"அவரால கையெழுத்துப் போட முடியாது."

"படிக்காதவரா?"

"வலது கையில மூணு விரல் கிடையாது. அதுக்காகக் குடுத்த பதக்கம்தானே சார் இது?"

கிளார்க் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். பரிதாபம் இல்லை. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறது என்று தெரிந்துகொண்டவரின் பார்வை.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டினார். போருக்குப் போய்ப் பதினோரு மாதத்தில் கையில் கட்டோடு திரும்பினார். கட்டவிழ்த்தபோது கட்டைவிரலும் அடுத்த இரண்டும் இல்லை. தெருவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. லாரி ஓட்டப் போனவனுக்கு எங்கிருந்து வந்தது குண்டு? வீட்டுக்கு வர ஆசைப்பட்டுத் தன் கையைத் தானே சுட்டுக்கொண்டான் என்றார்கள். அவருக்குச் சொந்தக்குண்டு என்று பேர் விழுந்தது. வீடு சொந்தக்குண்டு வீடு. அவள் சொந்தக்குண்டு மகள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வேலையில் சேர்ந்த முதல் வருடமே அப்பாவின் கையைப் படம் எடுத்துவிட்டாள். முழங்கை வரை பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், உப்பைத் தூவியதுபோல. தன் துப்பாக்கியால் தானே சுட்டுக்கொண்ட கையில் ஓட்டை இருக்கும். உப்பு இருக்காது. வெடித்துச் சிதறிய பீரங்கி ஷெல்லுக்குத்தான் அந்தப் பழக்கம்.

போன மாதம் நாற்சந்தியில் சுவர் எழுப்பினார்கள். போரில் அடிபட்டவர்கள் பெயரை அதில் செதுக்கப் போகிறார்கள். கமிட்டித் தலைவர் சிமெண்ட் கடைக்காரர். அவள் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதைத் தலைகீழாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல யார் சுட்டாங்கன்னு தெரியலையேம்மா. பதக்கத்தைக் கொண்டா, பேர் போடறோம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள."

மூட்டை தூக்குகிற ஒருவன் பின்னாலிருந்து, "சொந்தக்குண்டுக்கும் ஒரு கல்லா?" என்றான். கடையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காயப் பதக்கம் எதிரியால் காயம்பட்டவருக்கு மட்டும். அதனால்தான் இந்த ஐந்து நடை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்.

"கையெழுத்தை நான் பாக்கணும்" என்றாள்.

கிளார்க் பெருமூச்சு விட்டுக் கோப்பைத் திருப்பி வைத்தார். கல்லில் நார் உரித்தாயிற்று. உள்ளே ஒரே ஒரு தாள். 'பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. அதற்கடியில் அப்பாவின் பெயர், நீல மையில். கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கித் தூண்டில் முள்ளாக மேலே வளைந்திருந்தது.

அவளுடைய பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றிலும் அந்த முள் உண்டு. அப்பாவின் பெயரை அந்த வீட்டில் போட்டது அண்ணன்தான். பத்து வயதிலிருந்து வங்கி, பள்ளிக்கூடம், வாடகைச் சீட்டு என்று எல்லாவற்றிலும் போட்டான்.

"வேற காகிதம் இல்லையா சார்? பதக்கம் வரலைன்னு வருஷாவருஷம் கடிதாசு போட்டாரே."

"ஒண்ணுகூட வரலை."

"முப்பது கடிதாசு."

"ஒண்ணு வந்திருந்தாலும் இதுல இருக்கும். எங்க ஆபீஸ்ல பதில்தான் போகாது. வந்தது தொலையாது."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருடத்தில் ஒரு நாள், அடிபட்ட தேதியன்று, அப்பா மேசைக்கு ஒரு பக்கம் உட்காருவார். எதிரில் அண்ணன். "எழுதுடா. ஐயா, இதற்கு முன் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராத நிலையில்…" அண்ணன் எழுதுவான். தப்பு விழுந்தால் இரண்டு விரல் கை அவன் மண்டையில் இறங்கும். அந்தக் கைக்கு எலும்பின் கனம் மட்டும்தான். அண்ணன் தனிக்குடித்தனம் போன பிறகும், தலை நரைத்த பிறகும், அந்த ஒரு நாள் தவறாமல் வந்தான். "என் வலது கை வந்துட்டானா?" என்று அப்பா உள்ளிருந்து கேட்பார். எழுதி முடித்ததும் அண்ணன் உறையை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவான். போகிற வழியில் போட்டுவிடுகிறேன் என்பான்.

"இந்தத் தாளுக்கு ஒரு நகல் குடுங்க சார். அது போதும் எனக்கு."

"உள்ள இருக்கிறது வெளிய போகாது. பதக்கம் வாங்கினவர் நேர்ல வந்து கேட்டா குடுப்போம்."

"அவர் செத்துட்டார்."

"அதான் சொல்றேன்." கிளார்க் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "கையெழுத்து அவரோடது இல்லைன்னா யாரோடதுன்னு எழுதுங்க. அந்த ஆள் மேல போலீஸ்ல புகார் குடுத்து நம்பர் வாங்கிட்டு வாங்க. மாற்றுப் பதக்கம் வரும். கூடவே சான்றும் வரும்."

"யாருன்னு தெரியாதுன்னு எழுதினா?"

"எழுதலாம். தெரியாதவனை அவங்க தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள உங்களுக்கும் ஒரு இறப்புச் சான்று தேவைப்படும்."

மணியை அழுத்தினார்.

அண்ணனின் கடை நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, மேசைக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பான். நான்கு நிறுத்தத்துக்கும் அவள் சண்டையை மனதில் போட்டுப் பார்த்தாள். இல்லை என்பான். கத்தலாம். சத்தியம் செய்வான். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

கதவளவு கண்ணாடியை மேடையில் படுக்கப்போட்டு, அளவுகோலை அணைத்துக் கீறிக்கொண்டிருந்தான். வெட்டுகருவியின் சக்கரம் மண்ணெண்ணெய் குடித்துவிட்டுக் கீச்சிட்டு நகர்ந்தது. அது ஓடும்போது யாரும் பேசக்கூடாது. கோடு பாதியில் நின்றால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும்.

"முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு" என்றாள்.

அவன் நிறுத்தவில்லை. சக்கரம் ஒரே வேகத்தில் விளிம்பு வரை போய் இறங்கியது. கருவியை வைத்தான். கோட்டுக்கு அடியில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தான். கண்ணாடியை மேடை விளிம்புக்கு இழுத்து ஓர் அழுத்து அழுத்தினான். துண்டு சுத்தமாகக் கழன்று வந்தது.

"வந்துச்சு" என்றான்.

அவள் வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாயின.

"அப்பா பேரைப் போட்டு நீ வாங்கியிருக்கே."

"நான் எப்பவும் அந்தாள் பேரைத்தானே போட்டேன். என் பேரைப் போட எங்க விட்டார்?"

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"பிரிச்சுப் பாத்தேனே. பதக்கம். கூட ஒரு தாள். எதிரியின் ஷெல் துண்டுகளால் காயம்னு டைப் அடிச்சிருந்துச்சு. படிச்சேன். மூடி வச்சேன்."

"தெருவே அவரைக் காறித் துப்பிச்சு."

"என்னைத் துப்பலையா? என் பெஞ்சில துப்பாக்கி செதுக்கி வச்சாங்க. அது மேலதான் நோட்டை வச்சு எழுதினேன். ரெண்டு வருஷம்."

"அப்ப ஏன்டா?"

அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனித்தான். துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"தபால் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி எனக்கு ஒரு கடிதாசு வந்துச்சு. தொழிற்பள்ளியில இடம் கிடைச்சிருக்குன்னு. ரெண்டு வருஷம், அங்கேயே தங்கிப் படிக்கணும். அப்பா நேர்ல வந்து சம்மதம் சொல்லணும்னு போட்டிருந்தான். அது ஒண்ணுக்குத்தான் நான் அவர் பேரைப் போட்டு ஏமாத்த முடியாது. கேட்டேன். நீ போயிட்டா எனக்கு எழுதறது யாருன்னார். அடுப்பு எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. கடிதாசை உள்ள போட்டார்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். பெருசா வேற ஒண்ணும் இல்ல."

"அவர் கெட்டவர்னு சொல்லு, கேட்டுக்கறேன். கோழை இல்ல."

"எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வேற எவனுக்குத் தெரியணும்?"

"முப்பது வருஷம் அவர் எதிர்ல உக்காந்து பொய்க் கடிதாசு எழுதியிருக்கே."

"கடிதாசு பொய் இல்ல. அவர் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம எழுதினேன். போடலை, அவ்வளவுதான்." துணியை மேடைமேல் போட்டுவிட்டு, "நீ பேசலாம். உன் மேல அந்தக் கை விழுந்ததே இல்ல. உனக்கு அவர் அப்பா. எனக்கு முதலாளி" என்றான்.

அவள் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேடைமேல் வைத்தாள். சந்தேகத்துக்குரியவர் பெயர். உறவுமுறை. அவன் தொடாமலே குனிந்து படித்தான்.

"எங்கடா இருக்கு அது?"

அவன் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கை. "காலையிலேயே வருதுன்னீங்க. மணி மூணு. ஜன்னல் பொத்தலா கிடக்கு. கழுதை வந்து எட்டிப் பாக்காததுதான் பாக்கி."

"தூக்க ரெண்டு ஆள் வேணும்மா. என் ஆள் வரலை."

"இதோ நிக்கிறாங்களே, ஒரு ஆளு."

அண்ணன் ஒரு ஜோடித் தோல் கையுறையைத் தங்கையின் பக்கம் மேடைமேல் தள்ளினான். "பிடி."

"நீ முதல்ல சொல்லு."

"பிடி. சொல்றேன்."

அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பையைத் தோளில் குறுக்காக மாட்டினாள். உறைகள் இரண்டு அளவு பெரியவை. கண்ணாடியை நிமிர்த்தினார்கள். அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், நடுவில் கண்ணாடி. அவன் பின்பக்கமாக நடந்தான். தெருவில் ஒரு சைக்கிள்காரன் இறங்கி வழிவிட்டான்.

"அண்ணனும் தங்கச்சியும் சேந்து வேலை செய்யறதைப் பாக்கவே நல்லாயிருக்கு" என்று எதிர்வீட்டுக்காரி முன்னால் போனாள்.

தெருவின் நடுவில் அண்ணன் சொன்னான். "அவர் கோட்டுல இருக்கு. உள்பாக்கெட்ல."

அவளுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. வீட்டில் அப்பாவின் கோட்டு எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைப் போட்டுத்தான் புதைத்தார்கள். அன்று மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அண்ணன்தான் உடை மாற்றினான். கோட்டுப் பித்தான்களைக் கழுத்து வரை போட்டுவிட்டான். அவள் அதைக் கதவிடுக்கில் பார்த்தாள். பார்த்து அழுதாள். அதற்கு முன் அப்பாவைப் பற்றி அவன் பேசியதையெல்லாம் அந்தப் பித்தான்களுக்காக மன்னித்திருந்தாள்.

கண்ணாடி அவள் பக்கம் லேசாகச் சரிந்தது.

"நேராப் பிடி" என்றான்.

"புதைச்சிட்டியா?"

"அவருக்குத்தானே அனுப்பினாங்க? குடுத்துட்டேன்."

"தோண்டுவேன்."

"தோண்டு. அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கும். வாரிசு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்பான். நான் போட மாட்டேன்."

"அப்ப உன் பேரை எழுதிக் குடுப்பேன். உள்ள வைப்பாங்க உன்னை."

"குடு."

"சும்மா சொல்றேன்னு நினைக்காதே."

"நினைக்கலை. நீ அந்தாள் பொண்ணு." கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். "படி வருது. மூணு படி."

எதிர்வீட்டுக்காரி கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டாள். "நிக்காதீங்க, தரை ஈரம், வழுக்கும்" என்றாள். அண்ணன் குதிகாலால் தடவி முதல் படியில் ஏறினான். கண்ணாடி சாய்ந்தது. கனம் முழுக்கக் கீழே நின்றவளின் மேல் இறங்கியது. உறைக்குள் விரல்கள் நழுவுவதை உணர்ந்தாள். கைப்பை முன்னால் சரிந்து அவள் வயிற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

மூச்சு வாங்கியது. அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஆவி படிந்தது. அந்தப் பக்கம் இருந்த முகம் மறைந்தது. துடைக்கக் கை இல்லை. கண்ணாடிக்கு மேலே அவன் நரைத்த உச்சந்தலை மட்டும் தெரிந்தது, விளிம்பில் தோலுறை மாட்டிய பத்து விரல்களும் தெரிந்தன.

"மூணு சொன்னதும் தூக்கணும்" என்றது குரல். "ஒண்ணு."

ஆவி ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. ஒரு காது தெரிந்தது.

"ரெண்டு."