மலையுச்சியின் உயரம்

நெரிஸின் கிறிஸ்துமஸ் ஒரு வருடம் அம்மாவிடம், மறு வருடம் அப்பாவிடம் என்று முறைவைத்துப் பிரிக்கப்பட்டிருந்தது. இந்த வருடம் அம்மா க்வெண்டாவின் முறை. போன வருடம் அப்பா வீட்டிலிருந்து திரும்பிய ஒன்பது வயதுக்காரி ஒரு வாரம் அம்மாவிடம் சரியாகப் பேசவே இல்லை. அந்தப் பயத்தில்தான், "இந்தத் தடவை கிறிஸ்துமஸ் அன்னிக்கு வெண்பனி பாக்கலாம்" என்று க்வெண்டா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் ஊரான ஸ்வான்சியில் டிசம்பர் என்றால் மழைதான். பனி பெய்யும் இடமாக மூன்று வாரம் தேடினாள். ஸ்காட்லாந்தில் நிச்சயமில்லை. பின்லாந்தில் நிச்சயம், ஆனால் அறைகள் கோடையிலேயே நிரம்பிவிட்டன. கடைசியில் ஆஸ்திரியாவில் ஒரு கிராமம் அகப்பட்டது. இரண்டாயிரம் மீட்டர் உயரம் என்று போட்டிருந்தது. பணத்தைக் கட்டிவிட்டாள்.

தேநீருக்கு வந்த அக்கா கேரிஸ் கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இது ரோப் கார் போய் நிக்கிற உச்சியோட உயரம். ஊரு அறுநூறு மீட்டர்லதான் இருக்கு."

"அப்போ பனி இருக்காதா?"

"மேல இருக்கும். கீழ பச்சைப் புல்லப் பாத்துக்கிட்டு கேக் சாப்பிடலாம். நம்மூர்ல பாதிப்பேர் இப்படித்தான் ஏமாந்துட்டு வர்றாங்க."

"சிரிக்காதக்கா, பத்திக்கிட்டு வருது."

வாசற்படியில் பள்ளிப் பையோடு நெரிஸ் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அங்க பனி இல்லேன்னா நாம என்னம்மா பண்ணுவோம்?"

க்வெண்டா கணினியை மூடினாள். விமானம், பேருந்து, காலுறை வரை யோசித்தவள், மகளோடு அந்த நான்கு நாளை எப்படிக் கழிப்பது என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. பனி பெய்துவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தாள். தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"நீயே சொல்லு. என்ன பண்ணலாம்?"

"அப்பா வீட்ல சீட்டு விளையாடுவோம். உனக்குத்தான் தெரியாதே."

"கத்துக் குடு."

"உனக்குப் பொறுமை கிடையாதும்மா. ரெண்டு தடவை தோத்தா எந்திரிச்சிப் போயிடுவ."

கேரிஸ் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். க்வெண்டாவுக்குச் சுருக்கென்றது. மறுத்துப் பேச வாயெடுத்தாள். மறுத்தால் பொய்யாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டாள்.

"போயிடுவேன்தான்," என்றாள். "மூணாவது தடவை நீ கூப்பிடு. திட்டிக்கிட்டே வருவேன்."

நெரிஸ் அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.