மார்ச்சில் தொலைந்த எலக்ட்ரான்கள்

மார்ச் மாதம் பூமியைச் சுற்றியிருந்த எலக்ட்ரான்களில் பாதி காணாமல் போயின. கண்டுபிடித்தது நான்.

கண்டுபிடித்த விதம் இது. எங்கோ மின்னல் வெட்டினால் ரேடியோ அலையும் கிளம்பும். அதில் கொஞ்சம் மேலே ஏறி, பூமியின் காந்தக் கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் வளைந்து, உலகத்தின் மறுபாதியில் வந்து இறங்கும். வழி நெடுக எலக்ட்ரான் கூட்டம். உயர்ந்த சுருதி முண்டியடித்து முன்னால் வந்துவிடும், தாழ்ந்த சுருதி பின்தங்கும். அதனால் ஹெட்போனில் அது மேலிருந்து கீழே சரியும் ஒரு விசிலாகக் கேட்கும். மின்னல் போட்ட 'டிக்'குக்கும் இந்த விசிலுக்கும் நடுவே எவ்வளவு தாமதமோ, வழியில் அவ்வளவு நெரிசல். டுனீடின் நகரப் பல்கலைக்கழகத்தில் என் முதுகலைப் படிப்பு மொத்தமும் இந்தக் கழித்தல் கணக்குதான்.

நகரத்து மின்கம்பிகள் சதா முனகும் என்பதால் எங்கள் ஆன்டெனா ஊருக்கு வெளியே தீபகற்பத்தில், அத்தால் என்பவரின் ஆட்டுப்பண்ணையில் நிற்கிறது. பக்கத்து மின்வேலியை அவர் அணைத்து வைக்க வேண்டும். அதற்கு ஈடாக வியாழன்தோறும் நான் ஒரு டஜன் சீஸ் ரோல் கொண்டுபோக வேண்டும். எழுத்தில் இல்லாத ஒப்பந்தம்.

இந்த வியாழன் பதிவுத் தட்டை எடுக்கப் போனேன்.

"என்ன புரபசரே, இன்னைக்கு முகமெல்லாம் கழுவியிருக்கு," என்றார் அத்தால்.

"ரெண்டு மணிக்கு எங்க பேராசிரியர் மோராக் பேசுறாங்க. நம்ம எலக்ட்ரான் விஷயம். வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க."

"பாதி தொலைஞ்சுதுன்னியே, அதா? கிடைச்சுதா?"

"இல்ல. மார்ச்ல இருந்தே இல்ல."

ரோலைக் கடிக்கப் போனவர் நிறுத்தினார். "மார்ச்லதான் என் கிடா ரோட்டுக்குப் போய் தபால் வண்டில அடிபட்டுச்சு."

"சொன்னீங்க. பாவம்."

"அதுக்கப்புறம் வேலிய ஆன் பண்ணிட்டேன்."

"எந்த வேலிய?"

"உன் கம்பத்த ஒட்டிப் போகுதே, அத."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ பாட்டுக்கு ரோல் கொண்டு வந்துட்டு இருந்த. சொல்றது மரியாதையா படல."

ஹெட்போனை மாட்டினேன். டிக். டிக். டிக். வேலியின் மின்துடிப்பு, நொடிக்கு ஒன்று, தவறாமல். எந்த மின்னலும் இவ்வளவு ஒழுக்கமாக வேலைக்கு வராது.

விசிலுக்கு முன்னால் இருக்கும் டிக்குகளில் பலமானது எதுவோ அதையே மின்னலாக எடுத்துக்கொள் என்று நிரல் எழுதியது நான்தான். அதை எழுதிய பிறகு காதால் கேட்பதை விட்டுவிட்டேன். பலமான டிக் ஐம்பது மீட்டரில் ஆட்டை மிரட்டிக்கொண்டிருந்தது. அது விசிலுக்கு நெருக்கமாக விழ, தாமதம் சுருங்க, எலக்ட்ரான் பாதியானது. ஐந்து மாதமாக நான் அளந்தது வானத்தை அல்ல, அத்தாலின் வேலியை.

மோராக்குக்கு இது பதினோரு வருஷத்தில் முதல் பெரிய கண்டுபிடிப்பு. நான் கொடுத்த கண்டுபிடிப்பு. பண்ணையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. பதிவுத் தட்டைப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு, வளைவுகளில்கூட வேகம் குறைக்காமல் ஓட்டினேன்.

அரங்க வாசலில் அவரைப் பிடித்தபோது மணி இரண்டாகப் பத்து நிமிடம். சொன்னேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அத்தாலுக்கு. அவரு நாய்க்கும் தெரிஞ்சிருக்கும், ஷாக் அடிச்சிருக்குமே."

மோராக் சிரிக்கவில்லை. நான் ஏன் அதைச் சொன்னேன் என்று எனக்கும் தெரியவில்லை.

"விசில் சரியுற வளைவு மாறவே இல்ல, அத ஒரு தடவ பாத்திருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும் லாக்கி," என்றார். "பாக்கல. பாக்க வேணாம்னு இருந்துச்சு போல." பிறகு, "வெட்டாத பதிவு கையில இருக்கா?"

"இருக்கு."

"கொண்டா."

மேடையில் 'மார்ச் சரிவு' என்று தலைப்பு ஒளிர்ந்துகொண்டிருந்தது. மோராக் அதன் முன்னால் நின்று, "இந்தத் தலைப்பு காலைல சரியா இருந்துச்சு," என்றார். "இப்ப இத கேளுங்க." என்னைப் பார்த்தார். மேடையோரக் கணினியில் நான் பொத்தானை அழுத்தினேன்.

டிக். டிக். டிக்.

மூன்றாவது வரிசையில் யாரோ ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தவர் இருந்திருக்க வேண்டும். "வேலி," என்றார். முதலில் அவர் சிரித்தார், பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போனது. மோராக் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி அதைப் போகவிட்டார்.

டிக்குகளுக்கு நடுவே ஒரு விசில் சரிந்து இறங்கியது. சுத்தமான, நீளமான விசில். சிரிப்பு நின்றது.

"இது மட்டும் நிஜம்," என்றார் மோராக்.

அவருக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். மூன்றுதான் முடிந்திருந்தது. அவர் அடுத்த படத்தைப் போடவில்லை, இறங்கவும் இல்லை. என் பக்கம் மைக்கை நீட்டினார்.

"கேள்வி இருந்தா இவன்கிட்ட கேளுங்க. நானும் கேக்கணும்."

முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வேலியின் டிக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதிவை நிறுத்த மறந்திருந்தேன்.